நாரிழைக்காகக் கரைத்த செல்லுலோஸ் சூட்டில் கெடாமல் காப்பது: மலை உயரத்தில் வேலை செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

சீகை மரமும் கற்பூர மரமும் மண்டிக் கிடக்கும் நீலகிரியில், மரத்திலிருந்து நூல் எடுப்பது புதிய பேச்சன்று. இம்மலையில் வெட்டிய மரங்கள் பல்லாண்டுகள் மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகைக்கு இறங்கி, அங்கே கூழாகி, விஸ்கோஸ் ரேயானாக மாறின. விஸ்கோஸ் முறைக்குக் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுத் திரவம் தேவைப்படுகிறது. அதைத் தவிர்த்து, மரக்கூழின் நார்ப்பொருளான செல்லுலோஸை நேரடியாகக் கரைத்து நூற்கும் லையோசெல் முறையைக் கற்க விரும்பும் மாணவர்களும் சிறு ஆய்வகத்தாரும் இப்போது பெருகி வருகின்றனர். அவர்களுக்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். கரைப்பது ஓரளவு எளிது. கரைத்ததைச் சூட்டில் கெடாமல் நூற்புத் துளை வரை கொண்டு சேர்ப்பதே கடினம். உதகையில் ஓர் ஆய்வகத்தில் இவ்வேலையைச் செய்து வரும் எனக்கு, வெப்பமானி காட்டும் எண்ணைக் காட்டிலும் அழுத்தமானியும் இரும்புத் துருவும் கடிகாரமுமே அதிகப் பாடம் கற்பித்திருக்கின்றன.

முதலில் என்ன கெடுகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். லையோசெல் முறையில் கரைப்பானாகப் பயன்படுவது என்-மெத்தில்மார்ஃபோலின்-என்-ஆக்சைடு, சுருக்கமாக என்எம்எம்ஓ. அமீன் ஆக்சைடுகள் செல்லுலோஸைக் கரைக்கும் என்பதை கிரேனாக்கரும் சால்மனும் 1939ஆம் ஆண்டுக் காப்புரிமையில் பதிவு செய்தனர். வணிக அளவில் இம்முறை வேரூன்றியது 1990களில்தான். என்எம்எம்ஓ மூலக்கூறில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பே செல்லுலோஸைக் கரைக்கும் ஆற்றலைத் தருகிறது. அதே பிணைப்பே சூட்டில் உடைந்து கேட்டையும் தருகிறது. அது உடையும்போது என்-மெத்தில்மார்ஃபோலின், மார்ஃபோலின், ஃபார்மால்டிஹைடு ஆகியவை பிறக்கின்றன. இவற்றிலிருந்து உருவாகும் இடைநிலைச் சேர்மங்கள் மீதமுள்ள என்எம்எம்ஓவையும் உடைக்கத் தூண்டுவதால், சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்கிறது. செல்லுலோஸ் சிதையும்போது உண்டாகும் அமிலங்களும் அந்த வேகத்துக்குத் துணை போகின்றன. வினை முழுவதும் வெப்பத்தை வெளியிடுவது. ஆகவே ஓர் எல்லையைத் தாண்டிய பிறகு, அடுப்பை அணைத்தாலும் கலத்தின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இதனால் இருவகைக் கேடு உண்டு. மெதுவான கேட்டில் செல்லுலோஸ் சங்கிலிகள் ஆங்காங்கே அறுபடுகின்றன. சராசரியாக 700 அலகு நீளமுள்ள சங்கிலி 500 அலகாகக் குறைந்தால், பத்துச் சங்கிலிக்கு நான்கு வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. நூற்கும்போதுதான் இழை நீளாமல் அறுந்து சொட்டும். விரைவான கேட்டில் கரைசல் கருத்து, நுரைத்து, மூடிய கலமாக இருந்தால் வெடித்தும்விடும். முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு ஒன்று என்று தனித்தனி மருந்து கிடையாது. கீழே வரும் படிகள் இரண்டுக்கும் பொதுவானவை.

முதல் படி: கூழும் நீரும்

கரைக்கும் தரமுடைய மரக்கூழையே எடுக்க வேண்டும். காகிதத்துக்கான சாதாரணக் கூழில் அரைச்செல்லுலோஸும் உலோகக் கழிவும் அதிகம் இருக்கும். கூழில் இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகியவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஐயம் இருந்தால், மிக நீர்த்த அமிலத்திலோ, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலிலோ ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசி உலர்த்திக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மலை ஊற்றுநீர் மென்மையானது, தூய்மையானது என்ற நம்பிக்கையில் குழாய்நீரைப் பயன்படுத்துகிறார்கள். ஊற்று தூய்மையாக இருக்கலாம். அது வந்து சேரும் பழைய இரும்புக் குழாய் தூய்மையாக இருப்பதில்லை.

கூழின் ஈரப்பதத்தையும் அளந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் அறைகளில் திறந்து கிடக்கும் கூழ், சமவெளியில் இருப்பதைவிட அதிக நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பின்னர் ஆவியாக்க வேண்டிய நீரின் அளவு தவறிவிடும்.

இரண்டாம் படி: கரைப்பானைச் சோதித்தல்

என்எம்எம்ஓ பெரும்பாலும் 50 விழுக்காட்டு நீர்க்கரைசலாகவே கிடைக்கிறது. அது நிறமற்றதாகவோ மிக இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு தயாரிக்கப்படும் பொருள் என்பதால், பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று சோதனைத் தாளால் பார்த்துவிடுவது நல்லது. நிறத்தைப் போக்கக் கரித்தூள் சேர்த்தால், அதன் ஒரு துகள்கூட மிஞ்சாமல் வடிகட்டியாக வேண்டும். செறிவான சூடான கரைசலில் கரித்தூள் இருப்பது சிதைவு தொடங்கும் வெப்பநிலையையே கீழே இறக்கிவிடும். கரைப்பானைச் சுத்தம் செய்யப் பயன்படும் அயனிப் பரிமாற்றப் பிசின் மணிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

மூன்றாம் படி: நிலைப்படுத்தியும் காரமும்

புரொப்பைல் காலேட் இத்துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் நிலைப்படுத்தி. சிதைவைத் தொடரச் செய்யும் நிலையற்ற மூலக்கூறுத் துண்டுகளான தனியுறுப்புகளை அது பிடித்துக்கொள்கிறது. ஃபார்மால்டிஹைடையும் ஓரளவு கட்டிவைக்கிறது. மொத்தக் கரைசல் எடையில் 0.05 விழுக்காடு, அதாவது 100 கிராமுக்கு 50 மில்லிகிராம், தொடக்கத்துக்குப் போதுமானது. அதைச் சூடேற்றுவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். கரைசல் பழுப்பான பிறகு சேர்த்துப் பயனில்லை. சிறிதளவு காஸ்டிக் சோடா சேர்த்துக் கரைசலை இலேசான காரத்தன்மையில், பிஎச் 10ஐ ஒட்டி, வைத்திருந்தால் அமிலம் தூண்டும் சிதைவு அடங்கும்.

காலேட் சேர்த்த கரைசல் சூட்டில் மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ மாறுவது இயல்பு. நிலைப்படுத்தி தான் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் பெறுகிறது. நமக்காக அது தேய்கிறது என்றே கொள்ள வேண்டும். கரைசலில் கருநீலமோ ஊதாவோ தென்பட்டால் கதை வேறு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய முறையை நம் பெரியவர்கள் அறிவார்கள். கடுக்காயிலுள்ள காலிக் அமில வகைகள் அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து கருமை தருகின்றன. புரொப்பைல் காலேட்டும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒருமுறை கலக்கியின் தண்டைச் சுற்றி மட்டும் நகக்கண் அகலத்துக்கு ஊதா வளையம் ஒன்றைக் கண்டேன்; மற்ற இடமெல்லாம் தெளிந்த தேன் நிறம். தண்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதைப் பிடித்திருந்த திருகாணி மட்டும் சாதாரண இரும்பு. அதன் மரைகளில் துரு ஏறியிருந்தது. எந்தக் கருவியும் இன்றிக் கண்ணே இரும்பைக் காட்டிக்கொடுத்த அந்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறையும் கலத்தை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் நான் சூடேற்றுவதில்லை.

நான்காம் படி: கலங்கள்

கண்ணாடி, டெஃப்லான், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பித்தளை வால்வு, செம்புக் குழாய், துத்தநாகம் பூசிய இணைப்பு எதுவும் கரைசலைத் தொடக் கூடாது. புதிதாகப் பற்றவைத்த ஸ்டீல் பாகங்களைச் சூடான சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாம் படி: நீரை வெளியேற்றுதல்

இந்தப் படியிலேதான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

100 கிராம் கரைசலைக் குறிக்கோளாகக் கொள்வோம். அதில் செல்லுலோஸ் 10 கிராம், என்எம்எம்ஓ 78 கிராம், நீர் 12 கிராம் இருக்க வேண்டும். இந்த 78க்கு 12 என்ற விகிதம் ஒரு என்எம்எம்ஓ மூலக்கூறுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்ற ஒற்றை நீரேற்றத்துக்குச் சமமானது. அதில் நீரின் பங்கு 13.3 விழுக்காடு, உருகுநிலை 75 பாகை செல்சியஸை ஒட்டியது. 78 கிராம் என்எம்எம்ஓ வேண்டுமானால் 50 விழுக்காட்டுக் கரைசலில் 156 கிராம் எடுக்க வேண்டும். கூழில் 7 விழுக்காடு ஈரம் இருந்தால் 10.75 கிராம் கூழ் தேவை. மொத்த நீர் 78.75 கிராம், அதில் 12 கிராமை நிறுத்திக்கொண்டு, ஏறத்தாழ 67 கிராமை வெளியேற்ற வேண்டும். வெளியேறும் நீரைக் குளிர்விப்பானில் சேகரித்து எடைபோட்டால் எங்கே நிறுத்துவது என்பது தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் வறட்டினால் இன்னும் நன்றாகக் கரையும் என்று எண்ணி 67 கிராமைத் தாண்டிப் போகாதீர்கள். நீர் குறையக் குறைய உருகுநிலை உயர்கிறது, கரைப்பானின் வினைத்திறனும் கூடுகிறது. கெடுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பை நாம் ஏற்படுத்திக் கொடுக்க முடியாது.

நீரை மிதமான சூட்டில் வெளியேற்ற வெற்றிடம் வேண்டும். சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைகள், வெற்றிட அழுத்தமானியில் 710 மி.மீ. பாதரசம் காட்டும் வரை பம்பை ஓட்டச் சொல்லும். வட்ட முகப்புள்ள சாதாரண அழுத்தமானி, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கலத்தின் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுகிறது. கடல்மட்டத்தில் வெளியழுத்தம் 760 மி.மீ.; ஆகவே 710 என்றால் உள்ளே 50 மி.மீ. என்று பொருள். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் வெளியழுத்தமே ஏறத்தாழ 580 மி.மீ.தான். இங்கே உலகிலேயே சிறந்த பம்பை வைத்தாலும் முள் 580ஐத் தாண்டாது. உள்ளே அதே 50 மி.மீ. வேண்டுமானால் முள் 530இல் நின்றால் போதும். குன்னூரில் வெளியழுத்தம் ஏறத்தாழ 607 மி.மீ.; கொடைக்கானல் உதகையை ஒட்டியே வரும்.

இது தெரியாததால் என் கண்முன்னே ஒரு கரைசல் பாழாயிற்று. சமவெளிக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவர், முள் 530இல் நின்றுவிட்டதைக் கண்டு எங்கோ கசிவு என்று நினைத்தார். இணைப்புகளுக்கெல்லாம் கிரீஸ் பூசினார், முள் அசையவில்லை. வெற்றிடம் போதாததைச் சூட்டால் ஈடுகட்டலாம் என்று எண்ணெய்த் தொட்டியை 125 பாகைக்கு ஏற்றினார். உண்மையில் கரைசலுக்குத் தேவையான வெற்றிடம் முன்பே கிடைத்துவிட்டது; நீர் வேண்டிய அளவுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் அறைக்குள் நுழைந்தபோது முதலில் எட்டியது மீன் கவிச்சியை ஒத்த அமீன் நெடி. குடுவையின் அடிச்சுவரில் கருப்பட்டிப் பாகு போல ஒரு படலம் பிடித்திருந்தது. அதிலிருந்து சிறு குமிழிகள் விடாமல் கிளம்பிக்கொண்டிருந்தன. தொட்டியை உடனே இறக்கி, வெற்றிடத்தை மெல்ல விடுவித்துத் தள்ளி நின்றோம். அளவு சிறியதாக இருந்ததால் சூடு தானே தணிந்தது. அவர்மீது குற்றமில்லை, அவர் கையிலிருந்த செய்முறை இந்த உயரத்துக்கு எழுதப்பட்டதன்று. முழு அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் அழுத்தமானியை வாங்குங்கள். இயலாவிட்டால், அன்றைய வெளியழுத்தத்தைக் குறித்து, அதிலிருந்து கழித்து எழுதும் பழக்கத்தையேனும் கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சூட்டுக்கு வரம்பு

வெற்றிடத்தைப் பொறுத்தவரை தொல்லை தரும் உயரம், சூட்டைப் பொறுத்தவரை நமக்குத் துணை நிற்கிறது. இங்கே பருப்பு வேக நேரமெடுப்பதற்குக் காரணமான அதே உண்மைதான்: உதகையில் நீர் 92 முதல் 93 பாகைக்குள் கொதித்துவிடும். கொதிநீர்த் தொட்டியில் வைத்த கலம், வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி பழுதானாலும் அதற்கு மேல் சூடேற முடியாது. ஒற்றை நீரேற்றம் 75 பாகையை ஒட்டி உருகுவதாலும், 10 விழுக்காட்டுக் கரைசல் 88 முதல் 90 பாகையில் நன்றாகக் கலக்க இயல்வதாலும், சிறு ஆய்வகத்துக்கு எண்ணெய்த் தொட்டியைவிடக் கொதிநீர்த் தொட்டியையே பரிந்துரைக்கிறேன். கொதிநிலையை உயர்த்த அதில் உப்புச் சேர்க்கும் வேலை வேண்டாம்.

ஆலைகளில் இக்கரைசலை 100 பாகைக்குச் சற்று மேலேயும் கையாள்கிறார்கள். அங்கே மெல்லிய படலமாகப் பரப்பும் கருவியும், அழுத்தம் மிகுந்தால் கிழிந்து வழிவிடும் தகடுகளும், இடைவிடாத கண்காணிப்பும் உண்டு. நம்மிடம் அவை இல்லை. நிலைப்படுத்தி சேர்த்த தூய கரைசல் 140 பாகைக்கு மேலேதான் வேகமாகச் சிதையத் தொடங்கும் என்ற எண்ணைப் படித்துவிட்டு, 90க்கும் 140க்கும் இடையே தாராளமாக இடமிருப்பதாக எண்ணக் கூடாது. இரும்போ செம்போ கரித்தூளோ கலந்தால் அந்த எல்லை இறங்கிவிடும். மேலும், வெப்பமானி காட்டுவது தன் நுனி இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே. இக்கரைசல் தேன்போல் தடித்தது, சூட்டை மெதுவாகவே கடத்துவது. நடுவில் 90 இருக்கும்போது சுவரை ஒட்டிய படலம் தொட்டியின் முழுச்சூட்டில் இருக்கும். எண்ணெய்த் தொட்டியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில், தொட்டிக்கும் கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டை 10 பாகைக்குள் வைத்து, தனியே இயங்கும் மின்துண்டிப்பான் ஒன்றையும் பொருத்துங்கள். சுவரைச் சுரண்டும் டெஃப்லான் துடுப்பு நன்மை தரும். மிக வேகமாகக் கலக்கினால் உராய்விலேயே சூடு பிறக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். முதல் முயற்சிகளை 100 கிராமோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. சிறு கலம் தன் சூட்டை வெளியே விட்டுவிடும். பெரிய கலம் உள்ளேயே தேக்கி வைக்கும்.

இறுக மூடிய கலத்தில் இக்கரைசலைச் சூடேற்றவே கூடாது. சூடேற்றுவதை நிறுத்திய பிறகும் வெப்பநிலை ஏறினால், எதையும் காப்பாற்ற முயலாமல் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிவதையும், வேலையைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்வதையும் தனியே சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: நேரம்

90 பாகையிலேயே பல மணி நேரம் வைத்திருந்தாலும் சங்கிலிகள் அறுபடும். கரைந்தவுடன் வடிகட்டி, காற்றுக்குமிழி நீக்கி, அன்றே நூற்றுவிட வேண்டும். குழாய் வளைவிலும் பம்பின் மூலையிலும் தேங்கி நிற்கும் கரைசலே முதலில் கெட்டு, பின்னர் நல்ல கரைசலில் கலந்து அதையும் கெடுக்கிறது. ஆகவே தேங்கும் மூலைகளே இல்லாத அமைப்பை நாடுங்கள்.

நம் மலையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அறையே 10 பாகைக்குக் குளிர்ந்துவிடும்; சூடு இல்லாத குழாயில் கரைசல் சில நிமிடங்களில் மெழுகாக இறுகும். அவசரத்தில் அடைப்பு உள்ள இடத்தின் நடுவே தீயையோ வெப்பக்காற்றுத் துப்பாக்கியையோ காட்டுவது மிக ஆபத்தானது. நடுப்பகுதி உருகி விரிய இடமின்றி, இருபுறமும் அடைத்த கலமாகவே அது மாறிவிடும். திறந்த முனையிலிருந்து தொடங்கி, கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி, அடி அடியாக உள்நோக்கி உருக்கி வாருங்கள். உதகையின் கொதிநீர் இதற்கென்றே அளந்து வைத்தது போன்றது.

எட்டாம் படி: கெட்டதா என்று அறிதல்

வெளியேற்றிய நீரின் பிஎச்சைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். முடிவில் காரத்தன்மை தெளிவாக ஏறியிருந்தால் என்-மெத்தில்மார்ஃபோலின் ஆவியாகி வந்திருக்கிறது. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் கலத்தின் வாய்க்கு மேலே பிடித்தால் அது நீலமாவதும் இதையே காட்டும்.

உறுதியான சோதனை பாகுநிலை, அதாவது கரைசலின் தடிப்பு; சங்கிலி குறுகினால் அது குறையும். கரைசலில் சிறிதளவை நீரில் விட்டு, செல்லுலோஸை மீட்டு, நன்றாக அலசி உலர்த்தி, குப்ரி-எத்திலீன்டையமீன் என்னும் செம்புச் சேர்மக் கரைப்பானில் கரைத்து உள்ளார்ந்த பாகுநிலையை அளந்து, தொடக்கக் கூழின் அளவோடு ஒப்பிடுங்கள். சங்கிலி நீளம் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அந்தக் கரைசலை நூற்காமல், மேலே சொன்ன படிகளில் எது தவறியது என்று தேடுவதே என் வழக்கம். பெரும்பாலும் அது துருவாகவோ, காத்திருந்த நேரமாகவோதான் இருந்திருக்கிறது.

விஸ்கோஸ் முறையில் இன்னும் வேலை செய்வோருக்கு ஒரு சொல். அங்கே கரைத்த கரைசலைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியது வெடிப்பை அன்று, முதிர்ச்சியை. சூடு கூடினால், செல்லுலோஸைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் சாந்தேட்டுத் தொகுதிகள் விரைவாகக் கழன்று, கரைசல் குழம்பாக உறைந்துவிடும். 20 பாகையை ஒட்டி வைத்திருக்க வேண்டிய அக்கரைசலுக்கு நம் மலைக் காற்றே இயற்கையான குளிர்சாதனம்.

ஒன்பதாம் படி: மீட்ட கரைப்பான்

நூற்புத் தொட்டியின் நீரையும் அலசிய நீரையும் ஓடையில் விடாதீர்கள். இங்கிருந்து பவானிக்குப் போகாத ஓடைகள் குறைவு. விலையுயர்ந்த கரைப்பான் முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. ஆனால் மீட்ட கரைப்பானில் பழைய சிதைவுப் பொருள்களும் குழாய்களிலிருந்து வந்த உலோகமும் சேர்ந்திருக்கும். சுத்தம் செய்யாமல் செறிவூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவை பெருகும். நீர்த்த நிலையிலேயே, சூடில்லாமல், அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே செலுத்தி, நுண்வடிகட்டியால் மணிகளைத் தடுத்து, அதன் பிறகே வெற்றிடத்தில் செறிவூட்டுங்கள். முழு அளவில் பயன்படுத்துவதற்கு முன், அதில் காலேட் சேர்த்து 5 கிராம் கரைசல் தயாரித்து, திறந்த சோதனைக்குழாயில் கொதிநீர்த் தொட்டியில் 4 மணி நேரம் வையுங்கள். அருகிலேயே புதிய கரைப்பானில் செய்த 5 கிராமும் இருக்கட்டும். இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நிறத்தையும், லிட்மஸ் தாளால் ஆவியையும் ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் அந்தக் கரைப்பானை மீண்டும் பிசின் வழியே அனுப்புங்கள்.